நிபோங் திபால் வரை நானும் வருகிறேன்

அன்புள்ள மகளுக்கு,

மெல்பர்னிலிருந்து நீ அனுப்பிய பயணத் திட்டத்தை மூன்று முறை படித்தேன். டிசம்பரில் மலேசியாவுக்கு, நம் பினாங்கு வீட்டுக்கு வரும்போது பட்டர்வொர்த்திலிருந்து தைப்பிங் வரை பழைய பெரிய சாலையில் ஒரே நாளில் சைக்கிளில் போகப் போகிறாய் என்றதும் அம்மாவுக்கு லாரிகள்தான் கண்ணில் தெரிந்தன. எனக்கு உன் தாத்தா தெரிந்தார்.

திட்டத்தில் எல்லாம் இருக்கிறது. நிற்குமிடம் மட்டும் ஒன்றுகூட இல்லை. ஏறத்தாழ 90 கிலோமீட்டரை நான்கு மணி நேரத்தில் முடிப்பதாகக் கணக்குப் போட்டிருக்கிறாய். உன் காலுக்கு அந்த வலு உண்டு, சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சாலையை அப்படிக் கடந்துவிடாதே அம்மா. ஒரு முழு நாளை அதற்குக் கொடு.

ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக்கொள்வோம். பினாங்குப் பாலத்தில் சைக்கிளை விடமாட்டார்கள். ஃபெர்ரியில்தான் அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்குப் போக வேண்டும். டிசம்பரில் இங்கே ஏழே காலை ஒட்டித்தான் விடியும் என்பதை நீ மறந்திருப்பாய். விடிந்தவுடன் மிதிக்கத் தொடங்கினால் பிறையின் தொழிற்சாலைப் பகுதியைக் கூட்டம் சேருமுன் தாண்டிவிடலாம். பயணத்திலேயே எனக்குப் பிடிக்காத பகுதி அதுதான். சிம்பாங் அம்பாட்டில் பசியாறலாம்.

அதற்குப் பிறகு சுங்கை பாக்காப், ஜாவி, நிபோங் திபால். இங்கேதான் மெதுவாகப் போகச் சொல்கிறேன். இன்று இரு பக்கமும் செம்பனை நிற்கும் இந்த மண்ணில் நம்மவர்கள் முதலில் வெட்டியது கரும்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்காகக் கப்பலில் கொண்டுவரப்பட்டார்கள். பிறகு கரும்பு போய் ரப்பர் வந்தது. தாத்தா பிறந்த லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, அந்த ரப்பர் காட்டுக்குள்தான் இருந்தது. லயம் இப்போது இல்லை. தோட்டத்து மண்பாதை பெரிய சாலையில் வந்து சேரும் முச்சந்தி மட்டும் இருக்கிறது.

1941 டிசம்பரில் தாத்தாவுக்கு ஒன்பது வயது. பினாங்கில் குண்டு விழுந்து சில நாட்களே ஆகியிருந்தன. வெள்ளைக்காரப் படை கிரியான் ஆற்றுக்கு அப்பால் பின்வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் தகரத்தைக் கல்லில் இழுப்பதுபோல ஒரு சத்தம் தூரத்திலிருந்து வந்துகொண்டே இருந்ததாம். டாங்கி வருகிறது என்று பெரியவர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பால்மரங்களுக்குள் ஓடினார்கள். வந்தவை சைக்கிள்கள். வெயிலில் டயர் வெடித்த பிறகும் ஜப்பானியச் சிப்பாய்கள் வெறும் இரும்பு விளிம்பிலேயே ஓட்டிக்கொண்டு வந்தார்கள். வழியில் கண்ட நல்ல சைக்கிள்களையும் எடுத்துக்கொண்டார்கள். என் தாத்தா இரண்டு ஆண்டுகள் காசு சேர்த்து வாங்கிய சைக்கிள் அந்த முச்சந்தியில்தான் போனது. 1943இல் சயாமில் ரயில் பாதை போட ஜப்பானியர்கள் ஆள் பிடித்தபோது அவருடைய மூத்த மகனும் போனார். அவர் திரும்பவில்லை. உன் தாத்தா சாகும்வரை சைக்கிளைப் பற்றிப் பேசியிருக்கிறார். அண்ணனைப் பற்றி என்னிடம் இரண்டே முறைதான் பேசினார்.

அந்த முச்சந்தியில் உன்னோடு நிற்க வேண்டும் என்பது என் ஆசை. வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டினால் போதாது. அதனால் நிபோங் திபால் வரை நானும் மிதித்து வருகிறேன். ஒரு மாதமாகக் காலையில் ஜெலுத்தோங் கடற்கரைப் பக்கம் பழகி வருகிறேன். முழங்கால் இதுவரை ஒத்துழைக்கிறது. என் சைக்கிளை அத்தை வீட்டில் விட்டுவிட்டு நான் ரயிலில் தைப்பிங் போய்விடுவேன்.

கிரியான் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் பேராக் மாநிலம். பாரிட் புந்தாரிலிருந்து பாகான் செராய் வரை வயல், வயல், வயல். 1906இல் முடிந்த புக்கிட் மேரா அணையின் தண்ணீரில் விளைகிற நெல். கண்ணுக்குக் குளிர்ச்சி, தலைக்கு நிழலில்லை. அங்கே தண்ணீரைச் சிக்கனம் பிடிக்காதே, குடித்துக்கொண்டே போ. செமாங்கோல், கமுண்டிங் தாண்டும்போது வானத்தைப் பார்த்துக்கொள். தைப்பிங் மழை பிற்பகலில் சொல்லாமல் வரும். கைப்பேசியை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டு.

ஏரிப் பூங்காவில், தண்ணீரைத் தொடக் கிளை தாழ்ந்திருக்கும் தூங்குமூஞ்சி மரங்களுக்கு அடியில் காத்திருப்பேன். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் மிதித்தால் போர் மயானம். 850க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். பாதிக்கு மேல் பெயர் தெரியாதவர்கள். இந்தியச் சிப்பாய்களும் இருக்கிறார்கள். மலைக்கு ஏறும் சாலை நடுவே ஓடுகிறது. ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் மற்றவர்கள். பெரியப்பாவுக்குக் கல்லறை எங்கும் இல்லை. வீட்டுச் செம்பருத்தியில் சில பூக்களை நான் எடுத்து வருவேன், பெயரில்லாத ஒரு கல்லின்முன் வைப்போம். மாலையில் மாமாவின் வேனில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வீடு திரும்பலாம்.

உன் பழைய சைக்கிளைக் கடையில் கொடுத்திருக்கிறேன். டயர்கள் வெடித்துப் போயிருந்தன, புதிதாக மாற்றச் சொல்லிவிட்டேன், சங்கிலியும் புதிது. சீட் மட்டும் நீ பதினேழு வயதில் வைத்த உயரத்திலேயே இருக்கிறது. வெறுங்காலோடு சுவரை ஒட்டி நின்று, தரையிலிருந்து தொடை இடுக்கு வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுது. கடைக்காரர் வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறார்.

அன்புடன்,
அப்பா