இரண்டாம் சனிக்கிழமைக் குழுவுக்கு

நம் கூட்டம் நடக்கும் மூன்றாம் வகுப்பறையின் பெஞ்சில் எனக்கும் ஓர் இடம் ஒதுக்கித் தந்த அனைவருக்கும் வணக்கம்.

ஆய்வேட்டைப் போன வாரம் ஒப்படைத்துவிட்டேன். முன்பக்கத்தில் நெறியாளர், துறைத்தலைவர், நூலகர் என்று வரிசையாக நன்றி சொல்லியிருக்கிறேன். உங்கள் பெயர்களை மட்டும் போட முடியாது. வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேனே. அதனால்தான் இந்த மடல்.

மனநலத்தில் சுய உதவிக் குழுக்கள் என்று தலைப்பைச் சொன்னதும், எங்கள் தெரு அக்கா கேட்டது: "லோன் எவ்வளவு தர்றாங்க?" நம் ஊரில் அந்தப் பெயருக்கு அதுதான் பொருள். மனச்சிதைவு உள்ளவர்களின் வீட்டார் கூடிப் பேசுவது என்று விளக்கியதும் அக்கா பேச்சை மாற்றிவிட்டார். சென்னையில் 1989இலேயே இப்படிப்பட்ட குடும்பத்தினர் சேர்ந்து 'ஆஷா' என்ற அமைப்பைத் தொடங்கியாயிற்று. இருந்தும் தெருவில் இப்படித்தான் இருக்கிறது.

முதல் நாள் 42 கேள்விகளோடு வந்தேன். கண்ணாடி போட்ட அம்மா மூன்றாம் பக்கம் வரை பொறுமையாகப் படித்துவிட்டு, "தம்பி, உங்க வீட்டுல யாருக்கு?" என்றார். யாருக்கும் இல்லை என்றேன். அது பொய். மன்னியுங்கள் அம்மா.

சட்னி விவகாரம் நடந்தது அப்புறம்தான். மகனுக்குத் தெரியாமல் மாத்திரையைப் பொடித்துச் சட்னியில் கலப்பதாக இன்னோர் அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார். யாரும் அவரைக் கண்டிக்கவில்லை. ரிட்டயர்டு கண்டக்டர் ஐயா மட்டும், "நான் சாம்பார்ல கலந்தேன்" என்று ஆரம்பித்தார். பையன் ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டானாம். அதற்குப் பிறகு ஐந்து மாதம் வீட்டுச் சோற்றையே தொடவில்லை. பாக்கெட் பிரிக்காத பிஸ்கட்தான். கடைசியில் டாக்டரிடம் உள்ளதைச் சொல்லி, மகனிடமும் பேசி, அவன் சம்மதத்தோடு மாதம் ஒருமுறை ஊசிக்கு மாறினார்கள். இதையே ஒரு டாக்டர் சொல்லியிருந்தால் அந்த அம்மா தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். ஐயாவிடம் ஒன்பது கேள்வி கேட்டார், எண்ணினேன். உதவி செய்கிறவருக்கே அந்த உதவி மருந்தாகிறது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ஃப்ராங்க் ரீஸ்மன் 1965இல் எழுதியதை நூலகத்தில் படித்து அடிக்கோடு போட்டிருந்தேன். கண்டக்டர் ஐயா அன்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கதவருகே நின்று எல்லாரையும் வழியனுப்பியதைப் பார்த்தபோதுதான் அது விளங்கியது.

ஜெராக்ஸ் ஃபைல் அக்காவுக்குத் தனி நன்றி. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மனநோயும் ஊனத்தில் சேர்த்தி; 40 சதவீதம் இருந்தால் சலுகைகள் கேட்கலாம். ஆனால் ஓர் அலுவலகத்தில் "பார்த்தா நல்லாத்தானே இருக்கார்" என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். நான்காம் முறை எந்தக் கவுன்டருக்கு எந்தத் தாள் என்று அக்கா பென்சிலில் எழுதிக் கொடுத்த சீட்டு என் நோட்டில் இன்னும் இருக்கிறது.

ஒரே தடவை வந்துவிட்டு நின்றுபோனவர்களை என்னால் சந்திக்க முடியவில்லை. ஆய்வில் அது குறைதான், எழுதியிருக்கிறேன்.

நான்காம் மாதம் என் சித்தப்பாவைப் பற்றிச் சொன்னேன். "ஐயோ பாவம்" என்று ஒருவரும் சொல்லவில்லை. "என்ன மாத்திரை சாப்பிடுறார்?" என்று ஒருவர், "சாப்பிடும்போது கூட யார் உட்கார்றது?" என்று இன்னொருவர். இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உட்காருகிறேன்.

வரும் இரண்டாம் சனிக்கிழமை படிவம் இல்லாமல் வருகிறேன். டீ என் செலவு. அதில் இரண்டு டீ சர்க்கரை இல்லாமல், நினைவிருக்கிறது.