ஃப்ளோரிடா படகுப் பயணம்: தவறான நேரக் கணக்கு குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

உங்கள் பயணத்திட்டத்தின் மூன்றாம் நாளுக்கு "காலை 7.30 கனாவெரல் துறைமுகம், 9.30 டைட்டஸ்வில், 10.00 கென்னடி விண்வெளி மையம்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். நீங்கள் கொடுத்த படகில் இது நடக்காத காரியம்.

துறைமுகத்திலிருந்து டைட்டஸ்வில் படகுத்துறைக்கு ஏறத்தாழ 24 மைல். கேட்டமரான் என்னும் இரட்டை உடல் பாய்மரப் படகு இயந்திரத்தில் போனால் மணிக்கு 7 மைல்தான். எங்கும் நிற்காமல் ஓடினாலே மூன்றரை மணி நேரம். வழியிலோ தடைகள். உயரமான பாய்மரம் என்பதால் இரண்டு தூக்குப்பாலங்கள் திறந்தாக வேண்டும். வாரநாள் காலை நெரிசலில் அவை படகுக்குத் திறப்பதில்லை. முதல் பாலத்தின் முன் கயிறு கட்டிக் காத்திருந்தோம். அதைத் தாண்டினால், படகை உள்ளே நிறுத்தி நீர்மட்டத்தைச் சமன்செய்து விடும் கனாவெரல் மதகு. பிறகு மெரிட் தீவைக் கடக்கும் கால்வாய். நம் ஆவுளியாவின் (கடற்பசு) உறவான மானட்டிகளுக்காக அங்கே அலை எழாத வேகத்தில்தான் ஊர வேண்டும். அந்த விதி நியாயமானது. உங்கள் அட்டவணையில்தான் அதற்கு இடமில்லை. படகோட்டியிடம் எந்தக் குறையும் இல்லை.

டைட்டஸ்வில்லில் இறங்கியபோது மணி 12.45. 9.30க்கு வந்த வேன் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தது. படகு தாமதமாவதை வேன்காரருக்குச் சொல்ல உங்கள் அலுவலகத்தில் ஆளில்லை. மறுபடி வேன் வந்து, 20 கிலோமீட்டர் போய், சோதனை முடிந்து உள்ளே நுழைய 2.40 ஆனது. சாட்டர்ன் 5 கூடத்துக்கான கடைசிப் பேருந்து போய்விட்டது. 111 மீட்டர் நீள நிலவு ராக்கெட் படுக்கவைக்கப்பட்டிருக்கும் அந்தக் கூடத்துக்குப் பேருந்தில் மட்டுமே போக முடியும். போய்வரக் குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும்.

கிடைத்தது அட்லாண்டிஸ் விண்ணோடம் மட்டும். 33 முறை விண்வெளி சென்ற அது, 43.21 பாகை சாய்வில், சரக்கறைக் கதவுகள் திறந்தபடி நிற்கிறது. வெப்பக்காப்பு ஓடுகளில் கருகிய கோடுகள் தெரியும் தூரத்தில் நிற்கலாம். அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், விபத்தில் அழிந்த இரண்டு விண்ணோடங்களின் மிச்சமாக, சேலஞ்சரின் கொடி பொறித்த பக்கத்தகடும், கல்பனா சாவ்லா பயணித்த கொலம்பியாவின் சன்னல் சட்டங்களும் இருக்கின்றன. கால்வாயில் நாங்கள் கடந்து வந்த இரண்டாவது தூக்குப்பாலத்துக்கு, சேலஞ்சரில் உயிரிழந்த ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃபின் பெயர். இதையெல்லாம் ஓடிக்கொண்டே பார்க்க வைத்தீர்கள்.

எங்கள் கோரிக்கைகள்: நுழைவுக் கட்டணத்தையும் இரண்டாவது வேன் வாடகையையும் முழுதாகத் திருப்பித் தர வேண்டும். முந்தைய நாளே டைட்டஸ்வில் போய் இரவு அங்கே தங்கி, காலை 8.30க்கு வேன் ஏறி, மையத்தில் முதல் வேலையாகச் சாட்டர்ன் பேருந்தைப் பிடிக்கும்படி அட்டவணையைத் திருத்துங்கள். இதே அட்டவணையில் அடுத்த குழுவுக்கு முன்பதிவு நடக்கிறது. அவர்களுக்கு இன்றே தெரிவியுங்கள்.

ரசீது நகல்களை இணைத்துள்ளோம். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
பயணக் குழுவினர்