வேற்றுக்கோள் கப்பலில் சிக்கியவர்களுக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜூன் விடுமுறையில் பழைய கணினி விளையாட்டுகளைத் தூசிதட்டும் நம் இளையர்களுக்காக இதை எழுதுகிறேன். 'ஃபால்அவுட் 3' விளையாட்டுக்கு 2009ல் வந்த கடைசி இணைப்பு (கூடுதல் கதைப்பகுதி) 'மதர்ஷிப் ஸீட்டா'. வேற்றுக்கோள்வாசிகள் நம்மைக் கடத்தி அடைத்துவைக்கும் விண்கப்பலிலிருந்து தப்புவதே கதை.

தொடக்கத்தில் ஆயுதமெல்லாம் பறிபோகும், பதற வேண்டாம். சிறைத்தோழி சோமாவுடன் பொய்ச்சண்டை போட்டால் காவலர்கள் கதவைத் திறந்துகொண்டு வருவார்கள். பறிபோனவை சற்று நேரத்தில் கிடைத்துவிடும்.

பலர் தவறவிடுவது எபாக்ஸி பசையை. அது கையில் இருக்கும் ஆயுதத்தை மட்டுமே செப்பனிடும். மின்தடி போன்ற சாதாரண ஆயுதத்தைப் பிடித்தபடி பயன்படுத்தினால் பசை வீண். பழுதான நல்ல துப்பாக்கியைக் கையில் எடுத்த பிறகே பயன்படுத்துங்கள்.

விண்வெளியில் நடக்கும் கட்டத்துக்கு முன் விண்வெளி உடையை அணிந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், கப்பலில் ஆங்காங்கே கிடக்கும் கைதிகளின் 25 ஒலிப்பதிவுகளைச் சேகரிப்பது. கதை முடிந்தபின் கப்பலின் பெரும்பகுதிக்குள் மீண்டும் நுழைய முடியாது என்பதால், விட்டது விட்டதுதான். ஒரே சேமிப்பின்மேல் திரும்பத் திரும்பப் பதியாமல் ஒவ்வொரு தளத்திலும் தனியாகச் சேமியுங்கள்.

புதிய கணினிகளில் ஆட்டம் அடிக்கடி உறைவதற்கு, அந்தக் கால நிரல் இன்றைய பல உட்கருச் (multi-core) செயலிகளோடு ஒத்துப்போகாதது ஒரு காரணம். ஆட்டத்தின் அமைப்புக் கோப்பில் இழைகளின் (threads, ஒரே நேரத்தில் நடக்கும் பணிகள்) எண்ணிக்கையை 2 ஆகக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

இளையர் பக்கத்தில் இத்தகைய குறிப்புகளைத் தமிழில் தொடர்ந்து வெளியிட வேண்டுகிறேன்.

வாசகர், ஈசூன்