நீதிக் கட்டத்தை எடுத்துவிடுங்கள்: சிறார் நூல் பதிப்பாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கும் பதிப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

பழைய தேவதைக் கதைகளைக் கிண்டலாகத் திருப்பிச் சொல்லும் புத்தகங்களை நீங்கள் தொடர்ந்து கொண்டுவருவதில் எனக்கு மகிழ்ச்சி. வாங்குகிறேன், மகளுக்கு வாசித்தும் காட்டுகிறேன். என் மனக்குறை கடைசிப் பக்கத்தைப் பற்றி மட்டும்தான்.

அண்மையில் வாங்கிய ஒன்று, சிவப்புத் தொப்பிச் சிறுமியை ஓநாய் ஏமாற்றும் பழைய கதையின் கிண்டல் வடிவம். அதில், பாட்டி வேடம் போட்ட ஓநாய்க்குப் பாட்டியின் மூக்குக்கண்ணாடி ஒத்துவரவில்லை. வந்திருப்பது சிறுமி என்று நினைத்துத் தலையணையிடம் நலம் விசாரிக்கிறது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கத்தைத் திருப்பினால், கட்டம் கட்டி: ‘நீதி: பிறரை ஏமாற்றக் கூடாது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களைக் கேலி செய்யக் கூடாது.’ அதற்குக் கீழே மூன்று கேள்விகள் வேறு. சிரித்தது தப்போ என்பதுபோல் என்னைப் பார்த்தாள். அந்தப் புத்தகத்தை அப்புறம் அவள் கேட்கவே இல்லை.

மூலக்கதை தெரிந்த குழந்தைக்கு, ஓநாய் அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பது முன்பே தெரியும். அது வேறொன்றைச் சொல்லும்போதுதான் சிரிப்பு வருகிறது. குழந்தை தானே பிடித்துவிட்ட விஷயத்தைக் கட்டம் கட்டி விளக்குவது எதற்கு? அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள், ஐயா.

‘நீதி சொல்வது மரபு’ என்பீர்கள். உண்மைதான், 1697-இல் பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல் பெரோ தன் கதைகளுக்குக் கீழே நீதியைப் பாட்டாகவே எழுதினார். ஆனால் சிண்டரெல்லாவுக்கு அவர் எழுதிய இரண்டாவது நீதியைப் படித்ததுண்டா? அறிவு, துணிச்சல், நல்ல குடிப்பிறப்பு எல்லாம் இருந்தாலும், கைதூக்கிவிட ஒரு ஞானத்தகப்பனோ ஞானத்தாயோ இல்லாவிட்டால் முன்னேற முடியாது என்கிறார். சிபாரிசு வேண்டும் என்று பச்சையாகவே சொல்கிறார்! அவர் நீதியிலும் குறும்பு இருந்தது. உங்கள் கட்டத்தில் அதைக் காணோம்.

இளவரசி முத்தமிட்டதும் தவளை இளவரசனாகும் என்றுதானே கேட்டிருக்கிறோம்? ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-இல் அச்சிட்ட தவளைக் கதையில் முத்தமே கிடையாது. இளவரசி கடுப்பாகித் தவளையைச் சுவரில் வீசி அடிக்கிறாள், அது இளவரசனாகிவிடுகிறது. இதற்கு என்ன நீதி போடுவீர்கள்? பிடிக்காதவரைச் சுவரில் அடித்தால் நல்ல வரன் அமையும் என்றா?

இதில் ‘நவீன மறுசொல்லல்’ என்று அட்டையில் போட்டு, உள்ளே ஓநாயின் கையில் செல்பேசியைக் கொடுப்பதோடு சரி. செல்பேசி வைத்திருந்தால் ஓநாய் நவீனமாகிவிடுமா? கதாசிரியர் ஒரு நகைச்சுவையைக் கண்டுபிடிக்க எவ்வளவு தலையைப் பிய்த்துக்கொண்டாரோ, அதைக் கடைசிப் பக்கத்தில் பாடநூலாக்கிவிடுகிறீர்கள். ஒருவேளை வாங்கும் பெற்றோருக்காகத்தான் போடுகிறீர்களோ என்னவோ. நானும் பெற்றோர்தான், எனக்கு வேண்டாம்.

கொஞ்சம் சூடாகிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றே ஒன்று: மறுபதிப்பு வரும்போது நீதிக் கட்டத்தையும் கேள்விகளையும் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். பக்கம் வீணாகிறதே என்று தோன்றினால், ஓநாய்க்கு இன்னொரு படம் போடுங்கள்.

இப்படிக்கு,
சத்தமாகக் கதை வாசிக்கும் ஒரு தாய்