438ஆம் படையணியின் வரலாற்றுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் டைபூன் விமானங்களில் பறந்து குண்டு வீசிய கனடிய அரச விமானப்படையின் 438ஆம் படையணியைப் பற்றி நான் தமிழில் எழுதிவந்த நூல் நிறைவுற்று அச்சுக்குப் போயிருக்கிறது. உதவியவர்களில் பலர் தங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் விருப்பத்துக்கு மதிப்பளித்து, அவர்கள் செய்த உதவியையாவது ஊரறியச் சொல்ல வேண்டும் என்றே இம்மடலை எழுதுகிறேன்.

படையணியின் அன்றாடப் பதிவேடுகளைத் தேடி எடுத்துத் தந்த ஆவணக் காப்பகப் பணியாளர்களை முதலில் வணங்குகிறேன். அலாஸ்காவின் அனெட் தீவில் கிட்டிஹாக் விமானங்களுடன் காவல் இருந்த 118ஆம் படையணி அட்லாண்டிக்கைக் கடந்து வந்து, 1943 நவம்பரில் இங்கிலாந்தின் டிக்பி தளத்தில் 438 என்ற புதிய எண்ணைப் பெற்றதையும், 1944 தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் ஏர் தளத்தில் ஹரிக்கேன் விமானங்களை விட்டு டைபூனுக்கு மாறியதையும், 439, 440ஆம் படையணிகளோடு சேர்ந்து 143ஆம் விங் என்ற பெரிய பிரிவு ஆனதையும் அந்தப் பதிவேடுகளைக் கொண்டுதான் வரிசைப்படுத்தினேன்.

ஆனால் பதிவேடு சுருங்கப் பேசும். எத்தனை விமானங்கள் புறப்பட்டன, எங்கே குண்டு வீசின, எத்தனை திரும்பின என்பதோடு அது நின்றுவிடும். அதற்கு அப்பால் இருந்ததை எனக்குக் காட்டியவர், விமான எஞ்சின்களோடு வாழ்நாளைக் கழித்து ஓய்வுபெற்ற ஒரு மெக்கானிக் ஐயா. டைபூனின் நேப்பியர் சேபர் எஞ்சினுக்கு 24 சிலிண்டர்கள்; சாதாரண வால்வுகளுக்குப் பதில் சிலிண்டருக்குள் உறைபோல் நகரும் ஸ்லீவ் வால்வுகள். 1944 ஜூன் இறுதியில் விங் பிரான்சின் நார்மண்டியில் உள்ள லான்தூயி ஊரருகே அவசரமாக அமைத்த ஓடுதளத்துக்கு இடம்பெயர்ந்தபோது, அந்த மண்ணின் நுண்தூசி எஞ்சினுக்குள் புகுந்து அந்த ஸ்லீவ்களைத்தான் அரித்தது. காற்று உள்ளிழுக்கும் வாயில் அவசரமாகத் தூசி வடிகட்டி பொருத்த வேண்டியிருந்தது. ஐயா ஒரு தாளில் ஸ்லீவின் துளைகளை வரைந்து, அது எப்படி ஏறி இறங்கிச் சுழல்கிறது என்று பென்சிலால் நகர்த்திக் காட்டிய பிறகுதான், ஒவ்வொரு பறப்புக்குப் பின்னாலும் தரைப் பணியாளர்கள் பட்ட பாடு எனக்கு விளங்கியது. நூலில் அவர்களுக்கென்று ஒரு முழு அத்தியாயம் இருப்பது அவரால்தான். அது நூலின் சிறந்த அத்தியாயம் என்றே நான் கருதுகிறேன்.

தம் குடும்பத்து விமானியின் பறப்புக் குறிப்பேட்டை நம்பி என் கையில் கொடுத்த அம்மையாருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. தேதி, விமானம், பணி, பறந்த நேரம் என்று கட்டம் கட்டமாக எழுதி, மாதக் கடைசியில் கூட்டுத்தொகை போட்டு, அதன் கீழே படையணித் தலைவரின் கையொப்பம். வட பிரான்சில் இருந்த ஜெர்மானிய வி-1 பறக்கும் குண்டுகளின் ஏவுதளங்கள், ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரை அரண்கள், ஆகஸ்டில் நார்மண்டியின் பலேஸ் ஊர்ச் சாலைகள் என்று போரே அந்தக் கட்டங்களில் அடங்கியிருந்தது. விமான எதிர்ப்புப் பீரங்கிகளின் வாய்க்கு நேராக இறங்கி, இறக்கைகளின் கீழ் சுமந்த இரண்டு குண்டுகளையும் விடுவித்து மேலெழும்பும் வேலை அது. அதைச் செய்துவிட்டுத் திரும்பியவர் ஒரே வரியில் முடித்திருக்கிறார். ஏட்டின் எந்தப் பக்கத்தையும் படமெடுக்க அம்மையார் தடை சொல்லவில்லை.

படையணி பின்னர் தளம் கொண்டிருந்த நெதர்லாந்து நகரமான எய்ந்தோவன் பற்றிய பகுதிக்கு நெதர்லாந்து நண்பர்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். 1945 ஜனவரி 1 காலை, நெதர்லாந்து, பெல்ஜியம், வட பிரான்ஸ் எங்கும் நேச நாடுகளின் விமானதளங்களை ஜெர்மானிய விமானங்கள் ஒருசேரத் தாக்கின. எய்ந்தோவனில் 438இன் டைபூன்கள் புறப்படும் வேளை அது. எரிபொருளும் குண்டும் ஏற்றிய விமானங்கள் தரையிலேயே சிக்கிக்கொண்டன. படையணிக்குத் தலைமை தாங்கிய ஃபிளைட் லெஃப்டினன்ட் பீட் வில்சன் உயிரிழந்தார், ஃபிளையிங் ஆபீசர் ராஸ் கெல்லரும் மாண்டார். பழைய வரைபடத்தையும் இன்றைய வரைபடத்தையும் அருகருகே வைத்து, ஓடுபாதை எந்தத் திசையில் ஓடியது, விமானங்கள் எங்கே வரிசைகட்டி நின்றிருக்கும் என்று பொறுமையாக விளக்கிய அந்த நண்பர்கள், கனடிய வீரர்களின் கல்லறைகளைப் பராமரிக்கும் பணியிலும் பங்கெடுப்பவர்கள். குண்டுவீச்சில் அந்நாட்டு மக்களும் மாண்டார்கள் என்பதை நூலில் மறைக்கக் கூடாது என்று நான் சொன்னபோது, அதற்கான விவரங்களையும் அவர்களே முன்வந்து கொடுத்தார்கள்.

மெய்ப்புப் பார்த்த இரு ஆசிரியைகளுக்கும், வரைபடங்களுக்குத் தமிழில் ஊர்ப்பெயர் எழுதிக் கொடுத்த தம்பிக்கும், அச்சுச் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்ட அன்பர்களுக்கும் என் நன்றி.

1945 ஆகஸ்டில் ஜெர்மனியின் பிளென்ஸ்பெர்க்கில் படையணி கலைக்கப்பட்டதோடு நூல் முடிகிறது. இங்கு நான் குறிப்பிட்ட ஒவ்வொருவருக்கும் நூலின் ஒரு படி வந்து சேரும். குறிப்பேட்டை நானே நேரில் கொண்டுவந்து அம்மையாரிடம் ஒப்படைப்பேன்.

நன்றியுடன்,
நூலாசிரியர்