கேள்வி எண் 27, 28

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புலம்பெயர்ந்த ஜப்பானியரின் இலக்கியம் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். தமிழில் அதிகம் பேசப்படாத ஒரு துறைக்குப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் 'இரு பண்பாடுகளுக்கு நடுவே தத்தளிக்கும் மனம்' என்ற அளவிலேயே கட்டுரை நின்றுவிட்டது. இந்த எழுத்தாளர்களின் தத்தளிப்புக்கு ஆணை எண் உண்டு, தேதி உண்டு, அரசாங்கம் அச்சடித்துக் கொடுத்த படிவமும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விட்டால், வேலை வெட்டி இல்லாமல் 'நான் யார்' என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களின் கதைபோல ஆகிவிடும்.

1942 பிப்ரவரி 19 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 9066ஆம் ஆணையில் கையெழுத்திட்டார். மேற்குக் கடற்கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறக்குறைய 1,20,000 பேர் வீடு, கடை, நிலத்தை விட்டு வெளியேற்றப்பட்டுப் பாலைவனத்திலும் சதுப்பு நிலத்திலும் அமைந்த 10 முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்க மண்ணில் பிறந்த குடிமக்கள். கப்பலேறி வந்த முதல் தலைமுறையான இஸ்ஸேய்களுக்கு மட்டும் குடியுரிமை கிடையாது. விண்ணப்பிக்கவே சட்டம் இடம் தரவில்லை. 1952இல்தான் அந்தக் கதவு திறந்தது.

1943 தொடக்கத்தில் முகாம்களில் 17 வயதைக் கடந்த எல்லோருக்கும் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். அதில் அமெரிக்க மண்ணில் பிறந்த இளைஞர்களிடம் கேட்ட 27ஆவது கேள்வி: அமெரிக்கப் படையில் சேர்ந்து, அனுப்பும் இடமெல்லாம் போய்ப் போரிடத் தயாரா? 28ஆவது: அமெரிக்காவுக்கு நிபந்தனையற்ற விசுவாசம் தெரிவித்து, ஜப்பானியப் பேரரசருக்குக் காட்டும் விசுவாசத்தைக் கைவிடுகிறாயா? இஸ்ஸேய் கிழவர் 28க்கு 'ஆம்' எழுதினால், கையில் இருக்கும் ஒரே குடியுரிமையும் போய் நாடற்றவர் ஆகிவிடுவார். 1948க்குப் பிந்தைய இலங்கை மலையகத் தமிழர் வரலாறு தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் தலைமுறை நிஸேய் இளைஞனுக்கோ, என்றுமே இல்லாத ஒரு விசுவாசத்தைக் 'கைவிடுகிறேன்' என்று எழுதினால், முன்பு அது இருந்தது என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். 'என் பெற்றோரை வெளியே விட்டால் படைக்கு வருகிறேன்' என்று நிபந்தனையோடு எழுதியவர்கள் உண்டு. அதுவும் விசுவாசக் குறைவாகவே கணக்கிடப்பட்டது. இஸ்ஸேய்களுக்கான படிவத்தின் தலைப்பே 'வெளியேறும் அனுமதிக்கான விண்ணப்பம்'. கையெழுத்துப் போட்டால், எல்லாம் இழந்த நிலையில் வெளியே தள்ளிவிடுவார்களோ என்று பலர் அஞ்சினார்கள். குழப்பம் முற்றிய பிறகே இஸ்ஸேய்களுக்கான 28ஐ, 'அமெரிக்கச் சட்டங்களுக்குக் கட்டுப்படுவீர்களா' என்கிற வகையில் மாற்றினார்கள். மகன் ஒரு பதில், தகப்பன் வேறு பதில் என்று குடும்பங்கள் உடைந்தது இந்த இடத்தில்தான்.

இதைத் தெரிந்துகொண்டு நிஸேய் எழுத்தாளர் ஜான் ஒகாடாவின் 'நோ-நோ பாய்' நாவலுக்கு வர வேண்டும். தங்கள் கட்டுரை அதை ஆசிரியரின் சுயகதை என்கிறது. தவறு. ஒகாடா மினிடோகா முகாமில் அடைக்கப்பட்டு, பின்னர் படையில் சேர்ந்து, பசிபிக் போர்முனையில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர். படைக்குப் போக மறுத்த இச்சிரோ என்பவனை நாயகனாக்கி அவர் எழுதினார். படைக்குப் போனவர் போகாதவனின் தரப்பை உள்ளிருந்து எழுதியதில்தான் நாவலின் துணிச்சல் இருக்கிறது. இன்னொரு குழப்பம், நாவலின் தலைப்பாலேயே வருவது: இரண்டு கேள்விகளுக்கும் 'இல்லை' எழுதியவர்களைச் சிறைக்கு அனுப்பவில்லை, டூலி லேக் என்ற தனி முகாமுக்கு மாற்றினார்கள். சிறைக்குப் போனவர்கள் கட்டாயப் படைச் சேர்ப்பு ஆணையை மறுத்தவர்கள். ஹார்ட் மவுன்டன் முகாமிலிருந்து மட்டும் 63 பேர் 1944இல் ஒரே வழக்கில் தண்டிக்கப்பட்டார்கள். இரண்டு ஆண்டு முகாம், இரண்டு ஆண்டு சிறை என்று கழித்துவிட்டு சியாட்டிலுக்குத் திரும்பும் இச்சிரோ இந்த இரண்டாம் வகை. பாடம் நடத்துபவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழுவது இங்கேதான்.

இச்சிரோவின் தாயை 'பைத்தியம்' என்று கட்டுரை ஒரே சொல்லில் முடித்திருக்கிறது. ஜப்பான் தோற்கவே இல்லை, நம்மை அழைத்துப் போகக் கப்பல் வருகிறது என்று நம்பும் அந்தத் தாய், ஆதாரமாக மகனிடம் நீட்டுவது பிரேசிலின் சாவோ பாவ்லோவிலிருந்து வந்த ஒரு கடிதம். ஒகாடா இதைக் கற்பனையில் பிடிக்கவில்லை. 1908இல் கசாடோ மாரு கப்பல் 781 பேரோடு சான்டோஸ் துறைமுகத்தில் இறங்கியதிலிருந்து வளர்ந்த பிரேசில் ஜப்பானியச் சமூகம், போர் முடிந்ததும் இரண்டாகப் பிளந்தது. தோல்வியை ஏற்றுக்கொண்டவர்களை, ஏற்க மறுத்த ஷிண்டோ ரென்மேய் என்ற அமைப்பின் ஆட்கள் கொலையே செய்தார்கள். 1946-47இல் செத்தவர்கள் 20க்கும் மேல். போர்க்காலத்தில் ஜப்பானிய மொழிப் பத்திரிகைகளை அரசு தடைசெய்திருந்ததால், ஜப்பான் தோற்கவில்லை என்ற வதந்தியை மறுக்கவும் வழியில்லாமல் போயிற்று. தாயின் நம்பிக்கைக்குப் பின்னால் இரண்டு கண்டங்களின் அரசியல் இருக்கிறது.

1957இல் 1,500 பிரதிகள் அச்சான நாவல், அதுகூட விற்றுத் தீரவில்லை. பழைய காயத்தைக் கிளறுகிறார் என்று அவருடைய சமூகமே முகம் திருப்பிக்கொண்டது. 1971இல் 47 வயதில் ஒகாடா இறந்தார். இரண்டாவது நாவலின் கையெழுத்துப் பிரதியை ஒரு பல்கலைக்கழகம் வேண்டாம் என்றதும் மனைவி எரித்துவிட்டார். 1976இல் இளம் ஆசிய அமெரிக்க எழுத்தாளர்கள் சிலர் தாங்களே முனைந்து மறுபதிப்புப் போட்ட பிறகுதான் நாவலுக்கு வாசகர்கள் கிடைத்தார்கள்.

கனடாவை அமெரிக்காவோடு ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்வதும் சரியல்ல. அங்கே மேற்குக் கடற்கரையிலிருந்து ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 22,000 பேரை வெளியேற்றிய அரசு, 1943 முதல் அவர்களுடைய வீடு, படகு, பண்ணைகளை உரிமையாளர் சம்மதமில்லாமல் விற்றது. விற்ற பணத்தில் அவர்களையே முகாமில் பராமரித்த செலவைக் கழித்துக்கொண்டது. 1945இல் 'ராக்கி மலைகளுக்குக் கிழக்கே போ, இல்லையேல் ஜப்பானுக்குப் போ' என்றது. போர் முடிந்து மூன்றரை ஆண்டுகள் கழித்து, 1949 ஏப்ரல் 1 அன்றுதான் கடற்கரைக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது. ஜாய் கொகாவாவின் 'ஒபாசான்' (1981) நாவலில் அந்தக் குடும்பம் முகாம் இருந்த ஸ்லோகனிலிருந்து ஏன் ராக்கி மலைகளுக்குக் கிழக்கே ஆல்பெர்ட்டாவின் சர்க்கரை பீட் வயலுக்குப் போகிறது என்பதற்கு விடை இந்த 1945 உத்தரவில் இருக்கிறது. சர்க்கரை பீட் குவியலைச் சுற்றிச் சிரித்தபடி நிற்கும் குடும்பத்தின் படத்தோடு வந்த பத்திரிகைத் துணுக்கு ஒன்று நாவலில் வரும். அந்தத் துணுக்கைக் கையில் வைத்துக்கொண்டே, கோழிக்கூண்டு போன்ற குடிசையையும் குளிரையும் முதுகொடியும் வேலையையும் கதைசொல்லியான நவோமி சொல்லிக்கொண்டு போவாள். பத்திரிகை நடத்துபவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய அத்தியாயம். நாவலின் கடைசிப் பக்கங்களில் இருப்பது, நாடுகடத்தலை எதிர்த்து 1946இல் கனடா நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய உண்மையான மனு. மொழிபெயர்ப்பாளர்கள் அதைப் பின்னிணைப்பு என்று நினைத்து வெட்டிவிடக் கூடாது, அதுதான் முடிவு.

நீதி என்ற சொல்லைக் கட்டுரை பலமுறை சொல்கிறது, தொகையை ஓரிடத்தில்கூடச் சொல்லவில்லை. 1988 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்கா மன்னிப்புக் கேட்டு ஆளுக்கு 20,000 டாலர் வழங்கச் சட்டம் போட்டது. அன்று உயிரோடு இருந்தவர்களுக்கு மட்டும். அதற்கு முந்தைய நாள் இறந்தவரின் பிள்ளைக்கு எதுவும் இல்லை. அடுத்த மாதம் கனடா 21,000 கனடிய டாலர் அறிவித்தபோது, நாடாளுமன்றத்தில் 'ஒபாசான்' பகுதி வாசிக்கப்பட்டது. இதற்கு முன்பே, 1981இல் அமெரிக்க விசாரணைக் குழு முன் சாட்சி சொன்ன ஓவியர் மினே ஒகுபோ, 1946இல் வெளியான தம் 'சிட்டிசன் 13660' நூலையே சான்றாகக் கொடுத்தார். முகாமில் கேமராவுக்குத் தடை, அதனால் வரைந்தார். 13660 அவர் குடும்பத்துக்கு அரசு கொடுத்த எண். முகாமுக்கு முன் அவர்களைத் தங்கவைத்த பந்தயக் குதிரை லாயத்தில் சிலந்தி வலையும் குதிரை மயிரும் சேர்த்து அவசரமாகச் சுண்ணாம்பு அடித்த சுவரை அதில் பார்க்கலாம். பெருவிலிருந்தும் பிற லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்தும் பிடித்துவந்து அமெரிக்க முகாமில் அடைக்கப்பட்ட சுமார் 2,200 பேருக்கு 1988 சட்டம் பொருந்தவில்லை. 1998 வழக்குச் சமரசத்தில் அவர்களுக்குக் கிடைத்தது ஆளுக்கு 5,000 டாலர்.

புதிதாகப் படிக்க வருபவர்கள் ஒகுபோவில் தொடங்கலாம். ஒரே மாலையில் முடியும், முகாமின் கழிப்பறை வரிசை வரை கண்ணில் நிற்கும். பிறகு ஒகாடா, அதன் பின் கொகாவா. கொகாவாவின் முதல் 50 பக்கம் மெதுவாகத்தான் நகரும், பொறுத்துக்கொள்ள வேண்டும். தமிழில் கொண்டுவர நினைக்கும் பதிப்பகங்களுக்கு ஒரு வார்த்தை: 'நோ-நோ பாய்' அமெரிக்காவில் பதிப்புரிமை இல்லாமல் யாரும் வெளியிடக்கூடிய நூல் ஆகிவிட்டதா என்று 2019இல் பெரிய தகராறு நடந்தது. அதை நம்பி இங்கே அனுமதியில்லாமல் இறங்க வேண்டாம். 1979 முதல் நாவலை வெளியிட்டுவரும் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பதிப்பகத்துக்கு முதலில் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒப்பிலக்கிய ஆசிரியர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி