பரணில் கிடக்கும் குட்டை பேஸ்: கம்பி வாங்கும் முன் அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெரம்பூர், ராயபுரம், வியாசர்பாடி பக்கம் பழைய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் வீடுகளிலும், தேவாலயப் பாடகர் குழுக்களின் அறைகளிலும் அறுபதுகள், எழுபதுகளின் எலெக்ட்ரிக் பேஸ் கிட்டார்கள் சில இன்னும் இருக்கின்றன. அவற்றில் கணிசமானவை குட்டையானவை. வாசிப்பவர்கள் ஷார்ட் ஸ்கேல் என்பார்கள். "சுருதி நிக்கல, சத்தம் பொதபொதன்னு வருது, இது செத்துப்போச்சு" என்று சொல்லி அவற்றைக் காயலான் கடைக்குப் போடுகிறார்கள். இல்லாவிட்டால் கேட்ட விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அப்படிக் கைவிடப்படும் பேஸ்களில் பலவற்றுக்கு நோய் கிட்டாரில் இல்லை, அதில் மாட்டிய கம்பியில் இருக்கிறது. அதை விளக்கவே இக்கடிதம்.

தலைப்பக்கம் கம்பி பதியும் பள்ளமுள்ள சிறு கட்டை நட்டு; உடல்பக்கம் கம்பியைத் தாங்குவது பிரிட்ஜ். இவை இரண்டுக்கும் இடையே கம்பி அதிரும் நீளம்தான் ஸ்கேல். 1951-ல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸுக்கு அது 34 அங்குலம். இன்று கடைகளில் தொங்கும் பேஸ்களில் பெரும்பாலானவை இந்த அளவே. 1953-ல் கிப்சன் வெளியிட்ட வயலின் வடிவ பேஸுக்கு 30½ அங்குலம். பிறகு வந்த கிப்சன் இபி-0, இபி-3, ஜெர்மனியின் ஹோஃப்னர் 500/1, 1966-ல் வந்த ஃபெண்டர் மஸ்டாங் பேஸ், ஜப்பானிலிருந்து வந்த எத்தனையோ மலிவு பேஸ்கள் எல்லாம் ஏறக்குறைய 30 அங்குலக் குடும்பம். வீட்டில் இருப்பது எது என்று அறிய இன்ச் டேப் போதும். நட்டின் விளிம்பிலிருந்து, நெக்கின் (கழுத்தின்) குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்களில் 12-வதின் நடு வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 15 அங்குலம் என்றால் 30 ஸ்கேல், 17 என்றால் 34. பிரிட்ஜ் வரை நேராக அளக்க வேண்டாம். சுருதி சரிசெய்ய பிரிட்ஜை எப்போதும் சற்றுப் பின்தள்ளியே வைத்திருப்பார்கள், கணக்கு தவறும்.

இனி கம்பி. கடையில் கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது 34 அங்குல பேஸுக்கான செட். "நீளமாத்தானே இருக்கு, மிச்சத்தை வெட்டிக்கலாம்" என்று மாட்டிவிடுகிறார்கள். எல்லாக் கோளாறும் இங்கேதான் தொடங்குகிறது. பேஸ் கம்பி ஒரே தடிமனில் கடைசி வரை போவதில்லை. உள்கம்பியின் மேல் சுற்றிய மேல்சுற்று முனைக்கு அருகே நின்று, மெலிந்த பகுதியோ நூல் சுற்றிய பகுதியோ வரும். சுருதி சேர்க்கத் திருகும் சாவியின் தண்டில் சுற்ற வேண்டியது அந்த மெலிந்த பகுதிதான். நீளமான கம்பியைக் குட்டை பேஸில் போட்டால் முழுத் தடிமன் உள்ள பகுதி தண்டில் மடங்குகிறது. மேல்சுற்று விரிசல் விட்டு உள்கம்பியின் பிடியை இழக்கிறது. கம்பி முழுக்கச் செத்த ஒலி வரும், சுருதியும் நழுவிக்கொண்டே இருக்கும். இபி-0 மாதிரி தலையில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு சாவி உள்ளவற்றில் இது இன்னும் மோசம். அங்கே நட்டுக்கு மிக அருகில் இருக்கும் சாவி, எல்லாவற்றிலும் தடித்த இ கம்பிக்கு உரியது.

ஆகவே உறையில் ஷார்ட் ஸ்கேல் என்று அச்சிட்டதையே கேளுங்கள். 45-65-80-100 (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) என்ற தடிமன் செட் பெரும்பாலான பேஸுக்குப் பொருந்தும். அதற்கும் முன்னால் இன்னொரு அளவு தேவை: கம்பியின் அடியில் உள்ள உலோகக் குண்டு முனை உட்காரும் இடத்திலிருந்து நட்டு வரை எவ்வளவு. அறுபதுகளின் மஸ்டாங்கில் கம்பி உடலின் பின்பக்கத்திலிருந்து துளை வழியாக ஏறி வரும். இந்தக் கூடுதல் தூரத்தால் சில ஷார்ட் ஸ்கேல் செட்களில் மெலிந்த பகுதி நட்டுக்கு முன்பே தொடங்கிவிடும். அப்படியானால் 32 அங்குல மீடியம் ஸ்கேல் செட்தான் சரி. ஹோஃப்னர் போல வால்பகுதியில் குண்டு மாட்டுபவற்றுக்கும் இதே கணக்கு பார்க்க வேண்டும்.

மாட்டும்போது சாவித் தண்டைத் தாண்டி 4 முதல் 5 அங்குலம் விடுங்கள். வெட்டும் இடத்துக்குச் சற்று முன்னால் கம்பியை 90 டிகிரி மடித்து, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் மேல்சுற்று உள்ளே வரை அவிழ்ந்து புதுக் கம்பியே வீணாகும். ஃப்ளாட்வவுண்ட் எனப்படும் வழுவழு கம்பியில் இது அதிகம் நடக்கிறது. தண்டில் இரண்டு மூன்று சுற்று, மேலிருந்து கீழாக இறங்கினால் போதும்.

குட்டை பேஸில் கம்பி தொளதொளவென்று இருப்பது குறையல்ல. அதே கம்பியை அதே சுருதிக்கு 34-ல் கட்டுவதைவிட 30-ல் கட்டும்போது இழுவிசை சுமார் 22 சதவீதம் குறையும். நீளத்தின் இருமடிக்கு ஏற்ப இழுவிசை மாறுவதே காரணம். உருண்டையான, கொழகொழப்பான அந்த ஒலியும் இந்தத் தளர்விலிருந்தே பெரும்பாலும் வருகிறது. வலுவாக அடித்து வாசித்தால் கம்பி முதல் கணம் சுருதி ஏறி, ஃப்ரெட்டில் தட்டும். விரல் நுனியால் மெல்லத் தொட்டு, ஆம்பில் ஒலியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். வால்யூமைக் கையால் தேடக் கூடாது. நட்டிலிருந்து முதல் ஃப்ரெட் வரை தூரம் 34-ல் 48.5 மி.மீ., 30-ல் 42.8 மி.மீ.; நான்கு ஃப்ரெட் தூரத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் மிச்சம். பத்து வயதுப் பிள்ளை பேஸ் பழக இதைவிடத் தோதான கருவி கிடையாது.

தட்டும் ஒலி கேட்டதும் பிரிட்ஜை ஏற்றுவது அடுத்த தவறு. ஏற்றினால் அழுத்தக் கடினமாகும், அழுத்தும்போது சுருதி ஏறும், உடனே "நெக் வளைஞ்சிருச்சு" என்று நெக்கின் உள்ளே ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடில் கை வைப்பார்கள். முதலில் நெக்கைப் பாருங்கள். இ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒருசேர அழுத்திப் பிடித்து, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே விசிட்டிங் கார்டு ஒன்றை நுழையுங்கள். கார்டு லேசாக உரசிப் போனால், அதாவது 0.3 மி.மீ. அளவில் இருந்தால், நெக்கைத் தொடவே வேண்டாம். அதிகம் இருந்தால் ராடை வலப்பக்கம் கால் சுற்று மட்டும் திருப்பி, மறுநாள் வரை விட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். கிப்சனில் தலைப்பகுதியில் உள்ள சிறு மூடியைக் கழற்றினால் ராடைத் திருப்பும் மரை நட்டு தெரியும். பழைய ஃபெண்டரில் அது உடல் பக்கம் ஒளிந்திருப்பதால், கம்பியைத் தளர்த்தி நான்கு ஸ்க்ரூவையும் எடுத்து நெக்கைக் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூவை முதலில் இடப்பக்கம் சுற்றி, பழைய மரையில் 'டக்' என்று இறங்கிய பிறகே முடுக்குங்கள். ராட் கடினமாக இருந்தால் அத்தோடு நிறுத்துங்கள். ராட் முறிந்தால் விரல்பலகையையே பெயர்க்க வேண்டியிருக்கும்.

நெக் சரியென்றால் 12-வது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் இ-க்கு 2.5 மி.மீ., மிக மெல்லிய ஜி-க்கு 2 மி.மீ. அளவில் வைக்கலாம். பிறகு 12-ல் கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் அழுத்திய ஸ்வரமும் ஒன்றா என்று ட்யூனரில் பாருங்கள். அழுத்தியது சுருதி ஏறியிருந்தால் பிரிட்ஜின் அந்தக் கம்பி உட்காரும் துண்டை வால்பக்கம் தள்ளுங்கள், தாழ்ந்திருந்தால் முன்னே கொண்டுவாருங்கள். ஹோஃப்னரின் மர பிரிட்ஜ் ஒட்டப்படவில்லை, கம்பி அழுத்தத்தில்தான் நிற்கிறது. அதனால் எல்லாக் கம்பியையும் ஒன்றாகக் கழற்றாதீர்கள், ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பிரிட்ஜின் இரண்டு ஓரத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டி இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே ஹோஃப்னரில் ரிதம்/சோலோ என்று ஒரு ஸ்விட்ச் உண்டு. ரிதமில் ஒலி குறைவது இயல்பு, அதைப் பழுது என்று பிரிக்க வேண்டாம்.

இன்னொரு பெரிய காரணம் மிக்ஸர். தேவாலயத்திலும் கானா மேடையிலும் பேஸின் ஜாக்கை நேராக மிக்ஸரின் லைன் உள்ளீட்டில் செருகிவிடுகிறார்கள். அந்த உள்ளீட்டின் மின்தடை 10 முதல் 20 கிலோ ஓம்தான். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பழைய பிக்கப்புக்கு ஒரு மெகா ஓம் அளவு தேவை. இபி-0 பிக்கப்பின் சுருள் தனியாகவே சுமார் 30 கிலோ ஓம். அதை லைனில் செருகினால் பாதி ஒலி அங்கேயே போய்விடும், மேல்ஸ்வரங்கள் அடியோடு மறைந்து போர்வைக்குள் பேசுவது போலக் கேட்கும். மிக்ஸரில் ஹை-இசட் (அதிக மின்தடை உள்ளீடு) பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள். இல்லையென்றால் பேஸை மிக்ஸருக்குப் பொருத்தும் ஆக்டிவ் டிஐ பாக்ஸ் வழியாகக் கொடுங்கள். பேஸிலிருந்து பாக்ஸ் வரை கேபிள் 3 முதல் 6 மீட்டருக்குள் இருக்கட்டும்.

ஒலியே வரவில்லையா? கேபிளைப் பேஸில் செருகி, வால்யூமை முழுதும் திறந்து, மறுமுனையின் நுனிக்கும் உறைக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். சில கிலோ ஓம் முதல் 30 கிலோ ஓம் வரை காட்டினால் சுருள் உயிரோடிருக்கிறது. 250 அல்லது 500 கிலோ ஓம் பக்கம் காட்டினால் சுருள் அறுந்துவிட்டது, மீட்டர் காண்பது வால்யூம் பாட்டின் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு மின்தடையின்) மதிப்பை மட்டுமே. பூஜ்யம் என்றால் ஜாக்கில் ஒயர் தொட்டுக்கொண்டிருக்கும். அறுந்த பிக்கப்பையும் எறியாதீர்கள், மறுபடி சுற்றலாம். திருகும்போது கரகரவென்றால் அது பாட்டின் அழுக்கு. ரிச்சி தெருவில் கிடைக்கும் காண்டாக்ட் கிளீனரை உள்ளே ஒரு முறை பீய்ச்சி முப்பது தடவை திருப்பினால் பெரும்பாலும் போய்விடும். பாட்டை மாற்றி எறிந்துவிட்டால் கருவியின் வயதுக்கான சாட்சியும் போய்விடும். அதன் முதுகில் 137-6633 போன்று எண் இருக்கும்: 137 தயாரித்த சிடிஎஸ் நிறுவனம், 66 ஆண்டு, 33 அந்த ஆண்டின் வாரம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆடி மாதத் தெரு மேடைகளில் ஆம்பின் எர்த்துக்கான மூன்றாவது பின்னை உடைத்து இரண்டு பின்னில் செருகும் வழக்கத்தை விடுங்கள். பேஸின் கம்பி பிரிட்ஜ் வழியாக எர்த்தோடு இணைந்தது. வாசிப்பவரின் கை கம்பியிலும் உதடு மைக்கிலும் இருக்கும். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் அது இயல்பு. விரலில் சுரீரென்றால் மெயினை உடனே அணைத்து எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். மேடை இணைப்புக்கு மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும்.

காசிமேடு, ராயபுரத்துக் கடற்காற்றில் உப்பு இருக்கிறது. வாசித்த பின் கம்பியையும் பிரிட்ஜையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். ஃப்ரெட்டில் பச்சைக் களிம்பு பிடித்தால் 0000 என்ற மிக நுண்ணிய ஸ்டீல் ஊல் போட்டுத் தேய்க்கலாம். ஆனால் அதற்கு முன் பிக்கப்பை டேப்பால் மூடிவிட வேண்டும், காந்தம் இரும்புத் தூளை இழுத்துக்கொள்ளும். விரல்பலகைக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், சிக்கு பிடித்து நாறும். பிரிட்ஜ் மூடிக்குக் கீழே இருக்கும் பழைய ஸ்பாஞ்ச் பிசினாக உருகியிருந்தால் எடுத்துவிடுங்கள், அது உலோகத்தைத் தின்னும். அந்தக் காலத்து நைட்ரோ லாக்கர் பூச்சு ரப்பர் பட்டால் இளகும். ஸ்டாண்டின் ரப்பரில் பருத்தித் துணி சுற்றுங்கள்.

டிங்கரிங் கடையில் கொடுத்துப் புது பெயின்ட் அடிக்காதீர்கள். உரிந்த பழைய பூச்சுக்குத்தான் மதிப்பு. அதை அழித்தால் விலை பாதியாகிவிடும். இபி வடிவத்தில் இருந்து, நெக் ஸ்க்ரூவால் பூட்டியிருந்தால் அது பெரும்பாலும் ஜப்பானியப் பிரதி, கிப்சன் நெக்கை ஒட்டியே செய்தது. பிரதி என்பதற்காக அதையும் தள்ளிவிட வேண்டாம், நல்ல கம்பி போட்டால் அதுவும் இனிமையாக ஒலிக்கும். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹோஃப்னர் 1972-ல் லண்டனில் திருடு போனது. இங்கிலாந்தில் ஒரு வீட்டின் பரணில் கிடந்த அது அவரிடமே திரும்பிய செய்தி 2024 பிப்ரவரியில் வந்தது. பரணில் அரை நூற்றாண்டு கிடந்தாலும் பேஸ் பேஸாகவே இருக்கும்.

இசைக் கருவிக் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஷார்ட் ஸ்கேல் செட் இரண்டேனும் எப்போதும் இருப்பில் வையுங்கள், இல்லையென்றால் வரவழைத்துத் தருவதாகச் சொல்லுங்கள். நீளக் கம்பியை வெட்டிக் கொடுக்க வேண்டாம். வாங்கப் போகிறவர்கள் மூன்று எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: நட்டிலிருந்து 12-வது ஃப்ரெட் வரை எத்தனை அங்குலம், குண்டு முனையிலிருந்து நட்டு வரை எத்தனை, நட்டிலிருந்து இ கம்பியின் சாவித் தண்டு வரை எத்தனை.

இப்படிக்கு,
பேஸ் வாசிப்பவர்கள் சிலர்,
பெரம்பூர், சென்னை-11